மக்காத எருவை வேரில் வைக்காதீர்கள்

பத்து சென்டில் கத்தரி, மிளகாய் வைத்திருக்கிறோம். சொந்த எருக்குழியிலிருந்து அள்ளிப் போட்டும் செடிகள் வாடுகின்றன. கிளறினால் வெள்ளைப் புழுக்கள். இனி எருவே வேண்டாமா? – வாசகி, ஒட்டன்சத்திரம்

எருவை விட்டுவிடாதீர்கள், அம்மா. நீங்கள் போட்டது மக்காத சாணம். வண்டு முட்டையிடுவது அதில்தான். பொரித்த புழு வேரைக் கடிக்கிறது. இப்போதைக்குப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

அடுத்த முறை குழி வேண்டாம், மர நிழலில் குவியலாகப் போடுங்கள். காய்ந்த சருகு, பச்சைத் தழை, சாணக் கரைசல் என்று மாற்றி மாற்றி மூன்றடிக்குக் குறையாமல் அடுக்க வேண்டும். சில நாளில் உள்ளே கை வைத்தால் சுடும். களை விதையையும் புழுவையும் கொல்வது அந்தச் சூடுதான். 15 நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. மூன்று மாதத்தில் சாண நாற்றம் போய் மண்வாசம் வரும்.

கடைசி உழவில் சென்டுக்கு 100 கிலோ. அவ்வளவு சேரவில்லையா? நடவுக் குழிக்கு இரண்டு கைப்பிடி போடுங்கள், செடி பிடித்துக்கொள்ளும்.