மேசைமேல் கண்டி கட்டப் போகிறவர்களுக்கு

சிப்பாய் பொம்மைகளை வைத்து மேசையில் போர் விளையாடும் தம்பி தங்கச்சிமார் சிலர் என்னிடம் வருகிறார்கள். ஒருவருக்கு 1638 கன்னொறுவைச் சண்டை வேண்டும், இன்னொருவருக்கு ஆங்கிலேயர் கண்டிக்குள் வந்த 1803. சிப்பாய்களுக்கு அழகாகவே வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். வீடு, விகாரை, மண்டபம் என்று வந்ததும்தான் திண்டாட்டம். பெட்டியில் அடைத்து விற்பதெல்லாம் ஐரோப்பியக் கிராமத்து வீடுகள். கண்டி வீட்டை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. முதலில் பஹிரவகந்தைக்கு ஏறுங்கள்.
புத்தர் சிலைக்குப் பக்கத்தில் நின்று நகரத்தைப் பாருங்கள். சுவர் தெரியாது, கூரைதான் தெரியும். மேசையைச் சுற்றி நிற்பவனும் அப்படித்தான் பார்க்கிறான். ஆகவே கட்டடத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதி கூரைக்குப் போகட்டும். கண்டிக் கூரை உச்சியில் செங்குத்தாக இறங்கி, பாதி வழியில் சரிவு தணிந்து, இறவாரம் வரை விரியும். அந்த முறிவை ஒரே அட்டையை மடித்துக் கொண்டுவர முடியாது. மேல்சரிவுக்கு ஒன்று, கீழ்ச்சரிவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வெட்டி ஒட்டுங்கள்.

2. ஆண்டை முடிவு செய்த பிறகு பிளேட்டை எடுங்கள்.
1803 மேசையில் கண்டி வாவியை வைக்காதீர்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதை வெட்டத் தொடங்கியது 1807இல், வேலை முடிந்தது 1812இல். அதற்கு முன் அங்கே வயல்தான். அரசவை மண்டபமான மகுல் மடுவ ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் எழுந்தது, 1638க்கு ஆகாது. இன்று நாம் பார்க்கும் மண்டபத்தையும் ஆங்கிலேயர் பிற்பாடு நீட்டிவிட்டார்கள். மலையெல்லாம் தேயிலைச் செடி நடுகிறார்கள் சிலர். கம்பளைக்குப் பக்கத்துச் சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் தொடங்கியதே 1824இல்; லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். லயமும் நம் பாட்டன்மாரும் வந்தது கோப்பிக்குப் பிறகு. 1803க்கு மலை முழுக்கக் காடு வையுங்கள்.

3. யாருடைய வீடு என்று கேளுங்கள்.
கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 ஆண்டு சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். சாதாரண குடிமக்கள் மாடி கட்டக் கூடாது, ஓடு போடக் கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. வெள்ளைக் களிமண் பூசிக்கொள்ளலாம். ஆக, ஊர் முழுக்க ஓட்டு வீடு வைத்தால் அது கண்டி ஆகாது. பத்து வீட்டில் ஒன்பதுக்கு ஓலையோ வைக்கோலோ போடுங்கள். ஓடு கோயிலுக்கும் அரண்மனைக்கும் பெரிய மனிதருக்கும்.

4. அளவைச் சிப்பாயிடம் கேளுங்கள்.
28 மி.மீ. பொம்மைக்கு 1/56 அளவு ஒத்துவரும். 180 செ.மீ. கதவு அந்தக் கணக்கில் 32 மி.மீ. தான். ஆனால் பொம்மை ஒரு வட்டத் தட்டின்மேல் நிற்கிறது, அதனால் 38 மி.மீ. வைத்தால்தான் கண்ணுக்குப் பொருந்தும். சின்ன பிளாஸ்டிக் சிப்பாய் என்றால் 1/72, அதே கதவு 25 மி.மீ. திண்ணையின் அகலத்தை 30 மி.மீ.க்குக் குறைக்காதீர்கள். 25 மி.மீ. தட்டு அதில் நிற்க வேண்டும். சிப்பாய் ஏறி நிற்க முடியாத திண்ணை விளையாட்டுக்கு உதவாது.

5. தலதா மாளிகையில் தொடங்காதீர்கள்.
முதல் வேலைக்கு, வழிப்போக்கர் தங்கும் அம்பலம் போதும். கடுகண்ணாவை ஏற்றத்தில் வீதியோரம் இருப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். முடிந்தால் குருநாகல் பக்கம் பனாவிட்டிய அம்பலத்தையும் பாருங்கள். பாறைகள்மேல் பருத்த மரங்களைக் கிடத்தி, அவற்றின்மேல் தூண் நிறுத்தியிருக்கிறார்கள். சுவர் இல்லை, கதவு இல்லை. தூணும் கூரையும் சரியாக வந்துவிட்டால் மகுல் மடுவவுக்கு வேண்டிய பாடத்தில் பெரும்பகுதி முடிந்தது.

6. தூணைச் செதுக்கப் போகாதீர்கள்.
எம்பெக்கே தேவாலயத்துத் தூண்களைப் பார்த்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும். நம் அளவில் அந்தத் தூண் ஒரு ஐந்து மி.மீ. தடிப்பு, அதில் அன்னமும் மல்லர்களும் ஏறமாட்டார்கள். சதுரக் குச்சியை எடுத்து, அடியிலும் நடுவிலும் தலையிலும் சதுரத்தை விட்டுவிட்டு, இடைப்பட்ட இடங்களில் மூலையை மட்டும் சீவுங்கள். தலையில் நாலு பக்கமும் ஒவ்வொரு அட்டைத் துண்டைப் போதிகையாக ஒட்டுங்கள். அளவும் வடிவமும் தெரிய ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை நூலைப் புரட்டுங்கள்.

7. சாமானுக்கு வெளிநாடு போக வேண்டாம்.
சுவருக்கு ரெஜிபோம், ஓட்டுக்கு பிரிஸ்டல் போட், கைமரத்துக்கு ஈர்க்கு, ஓலைக்கூரைக்குத் தும்பு, காட்டுத் தரைக்குக் காயவைத்த தேயிலைச் சக்கை. வெசாக் கூடு கட்டிப் பழகிய கைக்கு ஒட்டு வேலை புதிதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஸ்பிரே பெயின்டும் ரப்பர் கம்மும் ரெஜிபோமை உருக்கிவிடும். வெள்ளைப் பசையால் ஒட்டி, சுவர் முழுக்கத் தண்ணீரில் கரையும் பெயின்டைப் பிரஷ்ஷால் பூசி மூடுங்கள். வெட்டும்போது ஒரே அழுத்தில் வெட்டாமல் இலேசாகப் பலமுறை இழுங்கள். பிளேட் மழுங்கினால் ரெஜிபோம் மணிமணியாகப் பிய்யும்.

8. ஓட்டைக் கீழிருந்து போடுங்கள்.
பிரிஸ்டல் போட்டை 8 மி.மீ. அகலத்தில் நாடாவாக வெட்டுங்கள். நாடாவின் ஒரு ஓரத்தில் 4 மி.மீ.க்கு ஒரு வெட்டு, பாதி ஆழம் வரை. இறவாரத்தில் முதல் நாடா, அதன் மேற்பாதியை மூடினாற்போல் அடுத்தது, வெட்டு வெட்டின்மேல் விழாமல் அரை ஓடு தள்ளி. அங்கங்கே ஒரு பல்லை நகத்தால் கொஞ்சம் தூக்கி, எங்காவது ஒன்றைப் பிய்த்துவிடுங்கள். எல்லா ஓடும் ஒழுங்காக இருந்தால் அது நேற்றுக் கட்டிய கூரை.

9. வர்ணத்தில் மழை தெரியட்டும்.
ஓட்டுக்கு முதலில் கறுப்புக் கலந்த கபில நிறம். அது காய்ந்ததும் பிரஷ்ஷில் செங்கல் நிறத்தைத் தொட்டு, கடுதாசியில் துடைத்து, மிச்சமிருப்பதைக் கூரையில் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். நிழல் விழும் பக்கத்தில் பாசிப்பச்சை. சுவருக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், துளி மஞ்சள் மண் நிறம் சேருங்கள். கண்டியில் எந்தப் பழைய சுவரையும் குனிந்து பாருங்கள். அடியில் ஓர் அடி உயரத்துக்குச் செம்மண் தெறித்திருக்கும். நம் அளவில் அது 5 மி.மீ. பழைய பல் தூரிகையில் செம்மண் நிறத்தைத் தொட்டு விரலால் தட்டினால் அதுவே தெறிக்கும்.

10. அட்டையின் இரு பக்கமும் பூசுங்கள்.
நம் ஊர் ஈரத்தில் ஒரு பக்கம் மட்டும் பூசிய அட்டை அப்பளமாய் வளையும். உட்பக்கத்துக்கும் ஒரு பூச்சுக் கொடுத்து, காயும்வரை மேலே புத்தகம் வையுங்கள். தேயிலைச் சக்கையை நன்றாக வறுத்துக் காயவைத்தே தூவுங்கள், இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும்.

11. ஒரு சுவருக்கு இரண்டு கூரை செய்யுங்கள்.
1638இல் தியோகோ டி மெலோவின் போர்த்துக்கேயப் படை நுழைந்தபோது கண்டி வெறுமையாகக் கிடந்தது. ஊருக்குத் தீவைத்துவிட்டுத் திரும்பியவர்களைக் கன்னொறுவையில் இரண்டாம் ராஜசிங்கனின் படை மடக்கி அழித்தது. 1803 பெப்ரவரியில் வந்த ஆங்கிலேயருக்கும் கிடைத்தது ஆளில்லாத ஊர்தான். ஜூனில் சரணடைந்து வெளியேறிய மேஜர் டேவியின் படை வட்டபுலுவையில், மகாவலிக் கரையில் முடிந்துபோனது. ஊரைக் கொடுத்துவிட்டு வழியை மறிப்பது கண்டியரின் போர்முறை. எனவே கழற்றி வைக்கிற மாதிரி ஓலைக்கூரை ஒன்று, கருகிய ஈர்க்குக் கைமரம் மட்டும் நிற்கிற கூரை ஒன்று செய்துகொள்ளுங்கள். ஆட்ட நடுவில் ஊர் எரிந்தால் மாற்றி வைக்கலாம். மிச்சமிருக்கும் உழைப்பைக் கணவாய்க்கும் ஆற்றுத்துறைக்கும் பாதையை அடைக்க வைத்ததாக நொக்ஸ் சொல்லும் முள்வாசல்களுக்கும் கொடுங்கள். ஆட்டத்தின் வெற்றி தோல்வி அங்கேதான்.

12. கண்ணாடி அலுமாரியில் பூட்டிவைக்காதீர்கள்.
ஆடினால் தூண் உடையும், ஓடு பெயரும், யாராவது தேநீர் கொட்டுவார்கள். ஓட்டு நாடா கொஞ்சம், தூண் நாலைந்து, அதே வர்ணத்தில் ஒரு சின்னப் போத்தல் என்று மிச்சம் எடுத்துவையுங்கள். ஆட்டம் முடிந்த அன்றே ஒட்டிவிடுங்கள், அடுத்த கிழமைக்கு மேசை தயாராக இருக்கும்.