வீடு முதலில், அக்கினி பிறகு!
வேதபாடம்: ஏசாயா 58:6-8

1905-ல் பூனா அருகே கேட்காவ் முக்தி மிஷனில் எழுப்புதல் அக்கினி இறங்கியது. யார் மேல்? 1896-97, 1900 பஞ்சகாலங்களில் பண்டித ரமாபாய் அம்மையார் சேர்த்து, சோறும் தங்க இடமும் கொடுத்து வளர்த்த பெண்பிள்ளைகள் மேல்!

வேதத்திலும் இதே ஒழுங்குதான். வீடற்றவனைச் சேர்ப்பது 7-ம் வசனம். வெளிச்சம் எழும்புவது 8-ம் வசனம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிற தாயின் குழந்தையை யார் பார்த்துக்கிறது? திருவள்ளூர் செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் எங்கே தங்கும்? நம்ம சபை ஹால் வாரநாளில் பூட்டித்தானே கிடக்கு! வீடு வாடகைக்கு விடுகிற விசுவாசியே, ஏழைக்குத் தாங்குகிற வாடகைதானா?

எழுப்புதலுக்காக உபவாசிக்கிறோம், முதலில் கதவைத் திறப்போம். ஆமென்!