வண்டிப்பாதைக்குப் பொடுதலை

பெரியபட்டினத்தில் எங்க தோட்டம் கடற்கரை மணல். ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பாதையில் டிராக்டர் புதையும். சிமெண்ட் போட்டா மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்காது. காசு கொடுத்துப் புல்தரை பதிச்சேன், உப்புத்தண்ணியில் கருகிப்போச்சு. (வங்கியில் இருந்தப்போ இப்படி ஒரு திட்டத்துக்குக் கடனே கொடுத்திருக்க மாட்டேன்!)

கடைசியில் கண்மாய்க்கரைப் பொடுதலைதான் கைகொடுத்தது. உப்பையும் ஓரளவு மிதியையும் தாங்கும்; கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடிக்கும். ஐப்பசி மழையில் கணுவுள்ள துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் ஊன்றுங்க. சக்கரம் ஓடுற இரண்டு தடத்திலும் உடைந்த ஓடு, செங்கல் சில்லு, நடுவில் பொடுதலை.

ஓரத்து மணலுக்கு அடம்பங்கொடி. அது மிதி தாங்காது, தடத்துக்குள்ள நீண்டா வெட்டிவிடணும். வேலிக்குப் பூவரசம் போத்து போதும்.

பொடுதலை பூக்கிறப்போ தேனீ மொய்க்கும், வெறுங்காலோட நடக்காதீங்க.