மதம் மாறாமல் மணம் முடிக்க

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. ரிஜிஸ்டர் மேரேஜ் செய்ய இருவரில் ஒருவர் மதம் மாறித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நீ கிறிஸ்தவளாகவும் அந்தத் தம்பி முஸ்லிமாகவும் இருந்தபடியே 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்கலாம். அதற்கு முன்பிருந்த 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில், தங்களுக்கு இந்த மதங்கள் எதுவும் இல்லை என்று இருவரும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உன் ஆயா அதற்குச் சம்மதித்திருப்பாளா, யோசித்துப் பார்!

'ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்' என்று யாராவது வந்தால் நம்பாதே. அவர்கள் பெரும்பாலும் சுயமரியாதைத் திருமணத்தைத்தான் சொல்வார்கள். 1967-ல் அண்ணா கொண்டுவந்த அந்த 7ஏ பிரிவு இந்து திருமணச் சட்டத்துக்கான திருத்தம். மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் செல்லும்.

நிக்காஹ் மட்டும் போதாதா என்று அந்தத் தம்பி வீட்டில் கேட்கலாம். வேதம் அருளப்பட்டவர்களில் ஒருத்தி என்ற முறையில் கிறிஸ்தவப் பெண்ணை முஸ்லிம் ஆண் மணக்க ஷரீஅத் இடம் தருகிறது. ஆனால் 1872-ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் குறுக்கே நிற்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு வெளியே, மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவர் என்றாலே அந்தச் சட்டப்படிதான் மணம் நடக்க வேண்டும், இல்லையேல் செல்லாது என்கிறது அதன் 4-ஆம் பிரிவு. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் அவதி உனக்குத்தான். கோயிலில் வைத்துக்கொள்வதென்றால், கத்தோலிக்க முறைப்படி பேராயரிடம் விலக்கு வாங்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க உன்னால் ஆனதைச் செய்வதாக நீ வாக்குக் கொடுக்க வேண்டும். அந்தத் தம்பிக்கு அதைத் தெரிவித்தால் போதும்.

சொத்து விஷயம் யாரும் முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். சிறப்புச் சட்டப்படி மணந்தால் உங்கள் சொத்துக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் எழுதாமல் அவர் இறந்தால் உனக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்கு. ஷரீஅத்படி பிள்ளைகள் உள்ள விதவைக்கு எட்டில் ஒரு பங்கு. அதுவும் மதம் மாறாத மனைவிக்குப் பாரம்பரிய விதிப்படி கிடையாது. அதனால்தான் முதலில் பதிவு என்கிறேன். நிக்காஹும் கோயில் ஆசீர்வாதமும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சிரமம் அந்த 30 நாள்தான். உங்களில் ஒருவராவது குறைந்தது 30 நாள் குடியிருக்கும் பகுதியின் திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நீ இருப்பது அடையாறு விடுதியில். விடுதி ரசீதையும் ஆதாரையும் பத்திரமாக வை. அலுவலகப் பலகையில் அந்த நோட்டீஸை ஒட்டிய பின் 30 நாள் காத்திருக்க வேண்டும். உன் நிரந்தர முகவரி தூத்துக்குடி என்பதால் ஒரு நகல் அங்கேயும் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். அது யார் கண்ணில் படுமோ என்பதுதான் உங்கள் கவலை, புரிகிறது. இப்படி ஒட்டுவது மணமக்கள் விரும்பினால் மட்டுமே என்று 2021-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் ஒட்டுவார்கள் என்று எண்ணியே நீ திட்டமிடு.

ஒட்டினால்தான் என்ன? வயது (அவருக்கு 21, உனக்கு 18), உயிரோடு இருக்கும் இன்னொரு துணை, மனநிலை, விலக்கப்பட்ட உறவு, இந்த நான்கைத் தவிர வேறு காரணம் சொல்லி ஆட்சேபிக்க முடியாது. மதம் வேறு, எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் கணக்கிலேயே சேராது. மிரட்டல் வந்தால் நீதிமன்றம் உண்டு. சேலத்தில் படித்துக்கொண்டிருந்த ஹாதியாவின் திருமணத்தைக் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. வயது வந்த பெண்ணின் தேர்வுக்குள் தகப்பன் நுழைய முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. அலுவலர் முன்னால் 'உங்களைச் சட்டப்படி என் கணவராக ஏற்கிறேன்' என்று நீ தமிழிலேயே சொல்லலாம். சாட்சிக்கு 3 பேர் வேண்டும். ஒரு இடத்தில் என் பேரைப் போட்டுக்கொள். தேதி முடிவானதும் போன் பண்ணு.

அன்புடன்,
சித்தப்பா
மயிலாப்பூர்