தலைப்பிரசவத்துக்கு வருகிறவளுக்கு

கோபாலபுரம்,
சென்னை

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று உன் அம்மா போனில் சொன்னதிலிருந்து எனக்குக் கையில் வேலை ஓடவில்லை. ஏழாம் மாதம் முடியப் போகிறது, வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீ என்னவென்றால், ஆஸ்பத்திரியே வேண்டாம், கோபாலபுரத்து வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன், பாட்டி பெறவில்லையா என்று கேட்டாயாம். கேட்டதில் தப்பில்லை. உன்னைத் திட்டி வாயடைத்தால் நீ மறுபடியும் வீட்டுப் பிரசவம் பேசுகிற அந்த வாட்ஸ்அப் குழுவிடம்தான் போய் நிற்பாய். லேபர் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் பெரியம்மா எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பாட்டி இந்த வீட்டுப் பின்கட்டு அறையில்தான் என்னையும் உன் அம்மாவையும் பெற்றாள். பக்கத்தில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி இருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஆண் குழந்தை அதே அறையில் பிறந்தது, அழவே இல்லை. பாட்டி அதைப் பற்றிக் கடைசிவரை பேசியதில்லை. அதனால் உனக்கு அந்தக் கதை வந்து சேரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குவது உன்னோடு தொடங்கியதில்லை. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்று தெரியுமா? மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இங்கே ஒரு பாரிஸ்டரின் மனைவியாக வந்தார். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டக் கூடாது என்பதற்காகவே இந்த ஊர்ப் பெண்கள் பிரசவத்தில் வீட்டுக்குள்ளேயே துன்பப்படுவதைப் பார்த்தார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தானே படித்தார். 1885-ல் பெண்களுக்கென்றே அந்த ஆஸ்பத்திரி தொடங்கியதில் அவர் பங்கு பெரியது. வெட்கத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று அவர் பெண்களிடம் உபதேசம் செய்யவில்லை. பெண்கள் கூசாமல் வரக்கூடிய இடத்தை உண்டாக்கினார். எனக்கு அதுதான் சரியான வழியாகப் படுகிறது.

உன் கோபத்துக்கும் அதே வழிதான். உன் தோழியை ஒரு ஆஸ்பத்திரியில் வலி எடுத்த நேரத்தில் அதட்டினார்கள், காரணம் சொல்லாமலே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள் என்றாயாமே. நம்புகிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 100-க்கு 64 சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இத்தனை பெண்களுக்கும் கத்தி அவசியம் என்று நான் சொல்ல மாட்டேன். பெண்ணை மனுஷியாக நடத்தாத பிரசவ அறை எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் அது வெட்கக்கேடு.

ஆனால் அந்தக் கோபத்தில் நீ போகிற வழி எங்கே கொண்டுவிடும் என்று பார். 2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிழைத்தது, பள்ளி ஆசிரியையான தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். 2023 ஆகஸ்டில் போச்சம்பள்ளிப் பக்கம் அதே கதை. 2024 நவம்பரில் நம் குன்றத்தூரில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவை நம்பிக் கணவனே பிரசவம் பார்த்தான். அங்கே தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அப்படி நன்றாக முடிந்தவர்கள்தான் குழுவில் படம் போட்டுப் பேசுகிறார்கள். திருப்பூர்ப் பெண் எந்தக் குழுவிலும் வந்து எழுத மாட்டாள்.

குழந்தை வந்தபிறகு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், அதை யாரும் வீடியோவில் காட்டுவதில்லை. எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நர்ஸின் கை மட்டும் தாயின் அடிவயிற்றில் இருக்கும். நஞ்சு விழுந்ததும் கர்ப்பப்பை சுருங்கி கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக வேண்டும். அது தளர்ந்து கொழகொழவென்று இருந்தால் ரத்தம் நிற்காது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது, நினைவில் வை. அதனால்தான் குழந்தை வந்த கையோடு தொடையில் ஆக்சிடோசின் ஊசி போடுகிறோம். அதற்கும் அடங்காவிட்டால் வயிற்றைப் பிசைந்துவிடுவது, இன்னும் மருந்து, இரண்டு கையிலும் டிரிப், ரத்தம், கடைசியாகத் தியேட்டர். எல்லாச் செக்கப்பும் நார்மல், ஸ்கேன் நார்மல் என்று வந்த பெண்களுக்கே இப்படி ஆனதை நான் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் ராத்திரி துணி மாற்றுவதற்குள் வெளுத்துப் போவாள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிற ஆபத்து இல்லை இது.

வெளிநாட்டில் வீட்டில் பெறுகிறார்களே என்பாய். உண்மைதான். அங்கே வீட்டுக்கு வருவது பதிவு பெற்ற மிட்வைஃப். கையில் மருந்தும் கருவியும் இருக்கும், பின்னால் ஆஸ்பத்திரி தயாராக இருக்கும். அப்படி இருந்தும் 2011-ல் இங்கிலாந்தில் வந்த பெரிய ஆய்வில், வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரிகளில் 100-க்கு 45 பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. குழந்தைக்கு ஏற்பட்ட கெடுதலும் தலைப்பிரசவத்தில் ஆஸ்பத்திரியைவிட வீட்டில் அதிகம். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. உனக்கு இது தலைப்பிரசவம். நம் தெருவுக்கு அப்படி ஒரு மிட்வைஃபை யாரும் அனுப்பப் போவதில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இது உன் முடிவா, மாப்பிள்ளை முடிவா? இயற்கை வாழ்க்கை என்று அவர் படிப்பது எனக்குத் தெரியும், நல்ல பிள்ளைதான். ஆனால் வலிப்பதும் ரத்தம் போவதும் உன் உடம்பு. வலி உச்சத்தில் இருக்கும்போது "வண்டியைக் கூப்பிடுங்கள்" என்று நீ சொன்னால் அந்த நிமிஷமே அவர் கூப்பிடுவாரா, இல்லை "இன்னும் கொஞ்சம் பொறு" என்பாரா? இதை அவரிடமே கேள்.

ஆஸ்பத்திரியை நீயே தேர்ந்தெடு. நான் கூட வருகிறேன். டாக்டரிடம் உட்கார்ந்து நேராகக் கேட்போம்: உங்களிடம் வருகிற தலைப்பிரசவங்களில் எத்தனை சிசேரியன்? வலி நேரத்தில் நடக்கலாமா, குந்தி உட்காரலாமா, எப்போதும் மல்லாந்துதான் படுக்க வேண்டுமா? எல்லோருக்கும் வெட்டித் தையல் போடுவீர்களா? ராத்திரி ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்? கூட ஒருத்தர் இருக்கலாமா? அரசு ஆஸ்பத்திரிகளில் பெண் துணை ஒருத்தர் இருக்கப் பல வருஷமாகவே அனுமதி உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்ன வழிமுறையிலும் துணை உண்டு, தாய்க்குப் பிடித்த நிலையில் பெறுவதும் உண்டு. எல்லோருக்கும் வெட்டுவது கூடாது, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் அவசரப்படுத்தக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. இவற்றைக் கேட்டு முகம் சுளிக்கிற டாக்டர் நமக்கு வேண்டாம், எழுந்து வந்துவிடுவோம். இந்த ஊரில் வேறு டாக்டரா இல்லை?

அரசு ஆஸ்பத்திரி என்றால் மட்டம் என்று நினைக்காதே. ரத்தமும் மயக்க டாக்டரும் ராத்திரி இரண்டு மணிக்கும் கைக்கெட்டுகிற இடம் எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியும் கோஷாவும்.

கர்ப்பிணிகளுக்கு அரசு தருகிற பிக்மி பதிவு நம்பர் இன்னும் வாங்கவில்லை என்றாள் உன் அம்மா. இந்த வாரமே நகர்ப்புற சுகாதார நர்ஸைப் பார்த்துப் பதிந்துகொள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எனக்கு எழுது. பத்துக்குக் கீழே என்றால் மாத்திரை மட்டும் போதுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, முகம் வீங்கினாலோ, பிள்ளை அசைவது குறைந்தாலோ எந்த நேரமானாலும் கூப்பிடு.

பிரசவம் முடிந்து நீ தாராளமாக இந்தப் பின்கட்டு அறைக்கே வா. பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், பிள்ளைக்குத் தூளி எல்லாம் இங்கே நடக்கட்டும். பெறுவது மட்டும் ஆஸ்பத்திரியில். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. அந்தக் குழுவில் படித்ததை எல்லாம் அவர் என்னிடம் கேட்கட்டும், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா