ஊரிலிருந்து வேலை கேட்போருக்கு நாம் சொல்லும் பதில்



ஊரிலிருந்து நமக்கு வரும் கடிதங்களின் தன்மை மாறிவிட்டது. கடிதம் என்று சொன்னாலும் இப்போது கைப்பேசியில்தான் வருகிறது, அது கிடக்கட்டும். முன்பெல்லாம் பள்ளிப் படிப்பை முடித்த பையனுக்குக் கடையில் இடம் உண்டா என்று கேட்பார்கள். இப்போது கேட்பவர் நாற்பது வயதுக்காரர். கம்பெனியில் கணக்குப் பிரிவைக் கட்டி ஆண்டவர், பொறியாளர், கணினி வல்லுநர், இப்படி. பதினைந்து, இருபது வருஷ அனுபவம் உள்ளவர்கள். "கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் மாமு, பெட்டாலிங் ஜெயாவில் ஏதாவது பார்க்க முடியுமா?" என்று எழுதுகிறார்கள். நம்மில் பலர் கொடுக்கும் பதில் ஒன்றேதான்: "வா தம்பி, வந்தால் பார்த்துக்கொள்ளலாம்."

அன்போடு சொல்லும் பதில்தான். ஆனால் இன்றைக்கு அந்த மனிதரைக் கெடுத்துவிடக் கூடிய பதிலும் அதுவே. ஏன் என்பதைச் சற்று விவரமாகப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் அந்தச் சொல் மெய்யாகவே இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கிலோ, இன்று கிள்ளான் துறைமுகம் என்கிறோமே அந்தப் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலோ இறங்கியவருக்கு, உறவினர் கடை மாடியில் பாய் விரித்திருந்தது. பொட்டலம் மடிக்கக் கற்று, பேரேடு எழுதக் கற்று, சில வருஷத்தில் தனிக்கடை வைத்தவர்கள் உண்டு. அக்காலத்திலும் மந்தம் வந்தபோது அனுபவம் யாரையும் காப்பாற்றிவிடவில்லை. ரப்பர் விலை விழுந்த 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். பல வருஷம் பால்மரம் வெட்டிக் கை பழகியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

கதவு அடைபடத் தொடங்கியது 1953இல். அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், வருகிறவருடைய தொழில் தகுதி நாட்டுக்குத் தேவையா என்று கேட்டது. அடுத்து 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று ஆயிற்று. 1969க்குப் பிறகு அது கண்டிப்பாக அமலான போது, சிவப்பு அடையாளக் கார்டோடு பல்லாண்டு இங்கேயே உழைத்தவர்களும் பெர்மிட் கிடைக்காமல் கப்பலேற நேர்ந்தது. பல்லாயிரம் பேர் அப்படிப் போனார்கள். நம் பெரியவர்கள் வீடுகளில் இந்தக் கதை இன்னும் பேசப்படுகிறது. ஆனாலும் "வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல் மட்டும் நம் வாயைவிட்டுப் போகவில்லை.

இப்போது அந்தச் சொல்லுக்கு ஒரு புதிய தூண்டுகோல் கிடைத்திருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா எடுக்காமலே வந்து 30 நாள் தங்க அனுமதி கொடுக்கப்பட்டது. "ஒரு மாதம் இருக்கிறதே, அதற்குள் வேலை அகப்படாதா?" என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த அனுமதி ஊர் பார்க்கவும் உறவினரைக் காணவும் கொடுத்தது. அதில் வந்து கல்லாவில் உட்கார்ந்தால் குற்றம். உட்கார வைத்தவர் மீதும் குற்றம். குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி, செல்லத்தக்க பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆளொன்றுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது பன்னிரண்டு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் சிறை கூடும், பிரம்படியும் உண்டு. மச்சான் மகன் என்பதெல்லாம் சோதனைக்கு வரும் அதிகாரியிடம் செல்லாது.

படித்த அனுபவசாலி வரவேண்டிய வழி வேறு. அவர் ஊரில் இருக்கும்போதே, கையில் உள்ள வேலையை விடாமலே, இங்குள்ள கம்பெனி அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பெனி குடிநுழைவுத் துறையின் வெளிநாட்டு அலுவலர் பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும். பெரும்பாலான பதவிகளுக்கு முதலில் உள்ளூராருக்கு விளம்பரம் கொடுத்து, ஆள் கிடைக்கவில்லை என்று காட்டவும் வேண்டும். அதன் பின்னரே விண்ணப்பம், ஒப்புதல் கடிதம், பயணம். விண்ணப்பம் செய்வது கம்பெனி. ஆளே நேரில் போய்க் கேட்டு வாங்கும் பாஸ் அல்ல இது. ஆகையால் முப்பது நாள் இங்கே வந்து அலைவதால் காரியம் விரைவாகாது. கைப்பணம்தான் கரையும்.

பாஸின் வகை சம்பளத்தைப் பொறுத்தது. அந்தத் தொகையை அரசாங்கம் அவ்வப்போது மாற்றுகிறது. போன வருஷம் வந்தவர் சொன்ன தொகையை நம்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நெருக்கடியில் இருப்பவர் "எந்தச் சம்பளமானாலும் சரி" என்று சொல்லிவிடுவார். அது நல்லதல்ல. வகை தாழ்ந்தால் பாஸின் சலுகைகளும் குறையலாம். அளவுக்குக் கீழே போனால் பாஸே கிடைக்காது. இன்னொன்று: இந்தப் பாஸ் அந்த ஒரு கம்பெனிக்கே உரியது. அங்கே வேலை போனால் பாஸும் ரத்தாகும். மனைவி மக்களின் பாஸும் அதோடு போகும். பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை பாதிக்கும் சங்கதி இது. புதுக் கம்பெனி கிடைத்தால் விண்ணப்பம் மறுபடி முதலிலிருந்து. காலம் நிச்சயமில்லாத போது, கம்பெனி எத்தனை வருஷமாக நடக்கிறது, சம்பளம் தேதியில் கொடுக்கிறதா என்பதைச் சம்பளத் தொகைக்கு முன்னால் விசாரிப்பதே புத்தி.

தொழில் உரிமம் வேறு சங்கதி. இங்கே கணக்காளர் என்ற பட்டத்தோடு தொழில் செய்ய, 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராக வேண்டும். பொறியாளருக்கு அவர்கள் வாரியம், மருத்துவருக்கு மருத்துவ மன்றம். சென்னையில் இருபது வருஷம் கணக்குப் பார்த்தவரும் இந்தப் படியைத் தாண்டித்தான் ஆகவேண்டும். எவ்வளவு நாளாகும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

அனுபவத்தை எழுதிக் காட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. "பதினெட்டு வருஷ அனுபவம்" என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். நம்மிடம் மிளகு விற்க வருகிறவர், "நான் முப்பது வருஷ வியாபாரி" என்று மட்டும் சொன்னால் வாங்குவோமா? மாதிரியைக் கொட்டிக் காட்டச் சொல்வோம் அல்லவா! அதுபோல எத்தனை பேரை மேய்த்தார், எவ்வளவு தொகையுள்ள கணக்கு அவர் கையில் இருந்தது, எந்தக் குழப்பத்தை எத்தனை மாதத்தில் சீர்செய்தார் என்று எழுதவேண்டும். அவரை அறிந்த மேலாளர் இருவர் பேசச் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது. பழைய கம்பெனியின் அனுபவச் சான்றை, அந்தக் கம்பெனி இருக்கும்போதே வாங்கி வைக்கவேண்டும். மூடிய பின் கையெழுத்துப் போட ஆள் இராது.

ஏஜெண்டுகள் விஷயத்தில் படித்தவர் ஏமாறமாட்டார் என்று நினைக்கிறோம். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் புறப்பட்ட இந்தியர் பலர், தமிழகத்தாரும் சேர்த்து, மியான்மரில் மியாவாடிப் பக்கம் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். அவர்கள் படித்தவர்கள்தாம். இந்தியாவில் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜெண்டுக்குப் பதிவு எண் இருக்க வேண்டும். அரசின் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். எண்ணைக் கேட்டதும் கோபப்படுகிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்படியானால் நாம் செய்ய ஒன்றுமே இல்லையா? நிறைய உண்டு. வேலைக் கடிதம் வந்தால், அந்தக் கம்பெனி உண்மையா என்று கம்பெனிகள் ஆணையத்தில் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். விலாசத்துக்கு நேரில் போகலாம். ஊரில் இருப்பவரால் முடியாத காரியம் அது. டமன்சாரா பக்கம் ஒரு "கம்பெனியை"த் தேடிப் போனோம். அந்த எண்ணில் துணி வெளுக்கும் கடைதான் இருந்தது. நம் கடைக்குக் கணக்குப் பார்க்கும் தணிக்கையாளருக்கு, சரக்கு விற்க வரும் கம்பெனி அதிகாரிக்கு இவரைப் பற்றி ஒரு சொல் சொல்லலாம். தெரிந்ததை மட்டும் சொல்லவேண்டும். சாட்சி சொல்வதும் அமானத்துத்தான். பாஸோடு வந்தவருக்கு முதல் மாதம் தங்க ஓர் அறையும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுத்தால் பழைய கடைமாடிப் பாயைவிட அது குறைந்ததல்ல.

இதுவரை சொன்னது வருகிறவர்களைப் பற்றி. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் நாற்பது வயதில் வேலை இழந்து சிங்கப்பூரென்றும் வளைகுடா என்றும் தேடுகிறார்கள். அவர்களுக்கும் மேலே சொன்னதே பொருந்தும். ஆனால் புறப்படுமுன் ஒரு காரியம் பாக்கியிருக்கிறது. 2018 முதல் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் நடக்கிறது. முதலாளியும் தொழிலாளியும் சம்பளத்தில் 0.2 சதவீதம் வீதம் கட்டுகிறோமே, அதுதான். வேலை போனவருக்கு வேலை தேடும் காலத்தில் ஆறு மாதம் வரை உதவித்தொகை உண்டு. முதல் மாதம் 80 சதவீதம், பிறகு படிப்படியாகக் குறையும். 2024 அக்டோபர் முதல், 6,000 வெள்ளிக்கு மேற்பட்ட சம்பளமும் 6,000 என்றே கணக்கு. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். தானாக ராஜிநாமாச் செய்தவருக்கு இது கிடையாது. சில இடங்களில், "பெயர் கெடாமல் இருக்கட்டும், நீங்களே ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று நயமாகக் கேட்பார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன், சொக்சோ அலுவலகத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள்.