திரும்பக் கூட்டிவரும் வேன்

அன்பு மருமகனே,

நீயும் உன் கூட்டாளிகளும் பழைய வேன் ஒன்றை வாங்கி, செனாவாங் சுற்றுவட்டாரத்துப் பெரியவர்களையும் மாற்றுத் திறனாளிகளையும் கிளினிக்குக்கும் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கும் காசு வாங்காமல் ஏற்றிப்போகப் போகிறீர்கள் என்று அக்கா சொன்னாள். நெஞ்சு நிறைந்துவிட்டது. வாட்சாப்பில் இரண்டு வரி போட்டு முடிக்கிற விஷயமா இது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் பாட்டி பால்மரம் வெட்டிய காலத்தில் தோட்டத்தில் மருந்து கொடுக்க டிரெசர் இருந்தார். நோய் அவர் கையை மீறினால் தோட்டத்து லாரி ஆளை டவுனுக்குக் கொண்டுபோகும். பலகையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிப் போகவேண்டும். அதை வசதி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் போன லாரி தலையை எண்ணி எல்லாரையும் ஏற்றிக்கொண்டுதான் திரும்பும். பிறகு தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் தாமான்களாகவும் மாறின. லயத்து வீட்டுக்குப் பதில் அடுக்குமாடி வந்தது. லாரிக்குப் பதில் எதுவும் வரவில்லை.

செனாவாங்கில் கொமுட்டர் ரயில் நிலையம் இருக்கிறது, 60 வயதானவர்களுக்குப் பாதிக் கட்டணம். மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும்போதே முட்டி கழன்றுபோகிற கிழவிக்கு அந்தப் பாதிக் கட்டணம் எதற்கு? டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வாரம் 3 நாள், போக வர 6 சவாரி. நலத்துறை உதவித்தொகையில் கிராப் செலவைக் கழித்துப் பார், சாப்பாட்டுக்கு என்ன மிஞ்சும் என்று தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பாட்டிக்குச் சர்க்கரை முற்றியிருந்த சமயம், ஒரு சங்கத்து வேன் வந்து அவரைக் கிளினிக்கில் இறக்கிவிட்டது. படம் பிடித்தார்கள், போனார்கள். திரும்ப யாரும் வரவில்லை. ரத்தம் எடுப்பதற்காக வெறும் வயிற்றோடு போனவர், மாலை வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் வேலை முடிந்து போய்ப் பார்த்தபோது, “மறந்துட்டாங்க போலிருக்குய்யா” என்று மட்டும் சொன்னார். யாரையும் திட்டவில்லை. அடுத்த தவணைக்கு மட்டும் போகமாட்டேன் என்றுவிட்டார். அதற்கடுத்ததற்கும் போகவில்லை. கால் புண் புரையோடியது அதற்குப் பிறகுதான்.

அதனால், தம்பி, 30 பேரைச் சேர்க்காதே. 5 பேரை எடு. அந்த 5 பேரையும் ஒருநாள்கூடக் கைவிடாதே. கொண்டுபோய் விடுவது பாதி வேலைதான். டயாலிசிஸ் ஏறக்குறைய 4 மணி நேரம் பிடிக்கும். முடிந்து எழும்போது பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த நேரத்தில் வாசலில் ஆள் நிற்கவேண்டும். ஊசி குத்தும் கையைப் பிடித்துத் தூக்காதே, அந்தக் கைதான் அவர்கள் உயிர். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டுப் பிறகு ஆளைத் தொடு. தொடுவதற்கு முன் கேள். பார்வை இல்லாதவரை இழுக்காதே, உன் முழங்கையை நீட்டினால் அவரே பிடித்துக்கொள்வார். ரத்தம் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு வருகிறவருக்காக வேனில் ரொட்டியும் ஒரு பிளாஸ்க் தேநீரும் எப்போதும் இருக்கட்டும்.

பெட்ரோலுக்கு என்று யாராவது 5 வெள்ளியைக் கையில் திணிப்பார்கள். வாங்காதே. 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கட்டணத்துக்கு ஆள் ஏற்றுவது குற்றம். நல்ல மனசோடு ஓட்டினாலும் அது ‘பிரெபெட் சாப்பு’ என்கிற கள்ள டாக்சி ஆகிவிடும். பயணிகளுக்குக் காப்புறுதி உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். சமூக நலத்துறையின் முதியோர் மையங்களை ஒட்டி, முதியோரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்கென்றே ‘யூனிட் பெஞாயாங் வார்கா எமாஸ்’ என்ற பிரிவு இருக்கிறது. முதலில் அவர்களிடம் போய்ப் பேசு. நம் கிழவர்கள் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. மலாய் பாரம் நிரப்பத் தெரியாமல் எத்தனையோ பேர் ஓகேயு எனும் மாற்றுத் திறனாளி அட்டைகூட எடுக்கவில்லை. அந்தப் பாரங்களை நீங்கள் நிரப்பிக் கொடுத்தால், வேன் ஓட்டுவதைவிடப் பெரிய வேலை அது.

இன்னொன்று. 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் பொதுப் போக்குவரத்தை அவர்கள் உரிமை என்று எழுதிவைத்திருக்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் ஒரு வரி கிடையாது. கோலாலம்பூரில் சக்கர நாற்காலிக்காரர்கள், ஏறமுடியாத பஸ்களை வாங்காதே என்று தெருவில் இறங்கிக் கேட்ட பிறகுதான் அங்கே கொஞ்சம் அசைவு வந்தது. நீங்களும் எந்தப் படிக்கட்டில் கைப்பிடி இல்லை, எந்த நிறுத்தத்துக்கு நடைபாதை இல்லை என்று ஒவ்வொரு பயணத்திலும் குறித்துவைத்து, சிரம்பான் மாநகர் மன்றத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். வேன் ஒருநாள் பழுதாகும், நீங்களும் கல்யாணம் காட்சி என்று பிரிந்து போவீர்கள். நீங்கள் எழுதிக் கட்டவைத்த சரிவுப்பாதை அங்கேயே இருக்கும்.

எனக்கு ராத்திரியில் கண் சரியாகத் தெரியாததால் வேன் ஓட்டமுடியாது. காத்திருக்கும் வேலையை எனக்குக் கொடு. ஆஸ்பத்திரியில் அவர்கள் பக்கத்து நாற்காலியில், பெயர் கூப்பிடும் வரைக்கும், நீங்கள் வேனோடு திரும்பி வரும் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மாமா